அந்த டிக்கைப் போட்டது நான்தான், ஜெபா

எய்யா ஜெபா,

சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை மதியம்தான் அரை மணி நேரம் பேசினோம். மெஸ் சாப்பாட்டில் உப்பு இல்லாதது, உன் அறையில் தண்ணீர் வராதது, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில், மழை பெய்ததைச் சொல்வதுபோல அந்த விஷயத்தைச் சொன்னாய். உன் பதிப்பகத்தில் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீராகத் தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு அமைக்கிற பிரிவு ஒன்று தொடங்குகிறார்கள். அதற்கு உன்னைப் பொறுப்பாளராகப் போட நினைக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததாம்மா? கிரேஸ் டீச்சர் தீசிஸ்ல நான் பண்ணுன கூத்து போதாதா? அன்னையிலருந்து ஒரு பக்கத்தக்கூட மூணு தடவ பாக்காம நான் அனுப்புததில்ல. இதுல பத்துப் பேர் வேலைக்கு நான் பொறுப்பு ஏத்தா விளங்குமா? நம்ம கடை ஸ்டைல் பைல மட்டும் அனுப்பி வைங்க. வேற யாரு வாராங்களோ, அவங்களுக்கு உதவும்" என்றாய். நான் "சரிய்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ திங்கட்கிழமை வாயைத் திறப்பதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். கிரேஸ் டீச்சரின் ஆய்வேட்டில் நடந்த தவறு உன்னுடையது அல்ல. அது நான் செய்த தவறு. நான் செய்தது என்று எனக்கு அதே நாளில் தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டு உன்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "விடுங்கம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அப்படி எளிதாக நான் தப்பிக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் உண்டு. உன்னை நான் திட்டியது ஐந்து பேர் முன்னால். ஆகையால் நான் அச்சுக்கோர்க்கிற நம் சபைப் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன்னிடம் கேட்காமல் போட மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் நீ சரி என்று சொல்லாவிட்டால், அந்தப் பக்கத்தில் ஓய்வுநாள் பள்ளித் தேர்வு முடிவுகள் வரும். சபையார் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் விஷயங்களையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நம் டைப்பிங், ஜெராக்ஸ் கடையைத் தொடங்கிய காலத்தில் எனக்கு இந்த ஸ்டைல் என்கிற சமாச்சாரமே தெரியாது. உப்பளத் தொழிலாளர் சங்க நோட்டீஸோ, சங்கு குளிக்கிறவர்கள் அதிகாரிக்குக் கொடுக்கிற மனுவோ, எது வந்தாலும் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் தேர்ந்து, பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் கொண்டுவந்து, எண்டரைத் தட்டித் தட்டி இடைவெளி விடுவேன். நாற்பது தலைப்பு இருந்தால் நாற்பது தடவை. நீ காலேஜ் முதல் வருஷ லீவில் வந்து என் பின்னால் நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "எம்மா, என்ன இது, கோழிக்கு இரை போடுத மாதிரி தட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "பெரிய இவன் வந்துட்டான். ஒனக்குத் தெரிஞ்சா நீ செய்யில" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். நீ உட்கார்ந்து, தலைப்பின் அளவு, தடிமன், மேலும் கீழும் விடுகிற இடம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அதற்கு ஒரு பெயர் வைத்தாய். 'பெருந்தலைப்பு' என்று பெயர். அதற்குப் பிறகு எந்த வரியில் நின்று அந்தப் பெயரைத் தட்டினாலும் அந்த வரி பெருந்தலைப்பு ஆகிவிட்டது. பெயருக்குள் போய் ஒரு இடத்தில் மாற்றினால் நாற்பது தலைப்பும் சேர்ந்து மாறின. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, "பரவால்லல" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் ஒரு மணி நேரம் அதையேதான் பேசினேன்.

அதற்கடுத்து நீ காட்டியதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பைலில் கட்டிய ஸ்டைலை இன்னொரு பைலுக்குக் கொண்டுபோகலாம். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இடது பக்கம் ஒரு பைலின் ஸ்டைல் பெயர்கள், வலது பக்கம் இன்னொன்றின் பெயர்கள். எது வேண்டுமோ அதை மட்டும் தொட்டு இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் அனுப்பலாம். "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகாண்டாம்மா, இந்த வேலைக்கு எது ஆகுமோ அத மட்டும் எடுத்தா போதும்" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் புத்தி வேறு திசையில் ஓடியது. ஒவ்வொன்றாக எதற்கு எடுக்க வேண்டும், நம் கடைக்கென்று ஒரே ஒரு மூலப் பைல் வைத்துக்கொண்டு, எல்லா வேலையையும் அதோடு கட்டிவிட்டால் என்ன என்று நினைத்தேன். அப்படித்தான் நம் டெம்ப்ளேட் பிறந்தது. பெருந்தலைப்பு, சிறுதலைப்பு, பத்தி, வசனம், இரங்கல் என்று எல்லாவற்றையும் நானே கட்டினேன். சபை விருந்துக்கான அசன நோட்டீஸைப் பார்த்தாலும் சரி, ஒரு விசைப்படகு உரிமையாளரின் மனுவைப் பார்த்தாலும் சரி, இது அந்த அம்மா கடையில் அடித்தது என்று ஊர் சொல்ல வேண்டும். சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் குணம் உனக்குத் தெரியும். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆறாம் வகுப்பில் உன் பேச்சுப் போட்டிக்கு நீ எழுதிவைத்திருந்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் என் வாக்கியமாக மாற்றிக் கொடுத்தேன். நீ மேடையில் ஏறிப் பாதியில் நின்றுபோனாய். மறந்துவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். உன்னுடையதை நீ மறந்திருக்க மாட்டாய், என்னுடையது உனக்கு வாயில் நிற்கவில்லை, அவ்வளவுதான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. உன்னைத்தான் "ஒழுங்கா மனப்பாடம் பண்ணல" என்று கடிந்துகொண்டேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, அந்தப் பழக்கம்தான் பிற்பாடு கடை வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த டிக்கைப் பற்றி நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. டெம்ப்ளேட்டை மாற்றினால், அதோடு கட்டிய பைல்கள் தாமாக மாறுவதில்லை. ஆனால் அந்தந்தப் பைலில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டுவிட்டால், அதைத் திறக்கும்போதெல்லாம் மூலத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். இதை நானே கண்டுபிடித்தேன். என்னமோ கடலில் முத்தெடுத்த மாதிரி உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ முகம் சுளித்தாய். "இது ஆபத்தும்மா. முடிஞ்ச வேலை முடிஞ்ச மாதிரியே கெடக்கணும். நாளைக்கு நீங்க இங்கன ஒண்ண மாத்துனா, போன வருசம் அடிச்சது அங்கன மாறிரும். யாருக்கும் தெரியாது" என்றாய். "நம்ம கடைல எல்லாம் ஒண்ணு போல இருந்தா என்னல கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் உன் வாயை அடைக்க, "சரிடா, இனிமே அந்த டிக்கத் தொடவே மாட்டேன், போதுமா?" என்றேன். நீ நம்பினாய். பெற்ற தாய் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நம்பாது?

அதன் பிறகுதான் கிரேஸ் டீச்சர் வந்தார்கள். சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டித் தொழிலில் பெண்களின் உழைப்பைப் பற்றி ஏழு வருஷம் அலைந்து எழுதிய ஆய்வேடு. கையெழுத்து நோட்டுகளாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று மாதம் நீ அதிலேயே கிடந்தாய். நம் டெம்ப்ளேட்டில் தொடங்கி, பல்கலைக்கழகம் கேட்ட அளவுக்குத் தக்கபடி பெருந்தலைப்பையும் பத்தியையும் அந்தப் பைலுக்குள் மட்டும் மாற்றி அமைத்தாய். அட்டவணை, அடிக்குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் கணக்காக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முடித்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, டீச்சருக்கு மெயிலில் ஒரு பிரதி அனுப்பினாய். அவர்களும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஐந்து பிரதி எடுத்து பைண்டிங் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

இடையில் வந்த சனிக்கிழமை நீ சினேகிதன் கல்யாணத்துக்கு ஆறுமுகநேரி போயிருந்தாய். கடையில் நான் மட்டும். அசனப் பண்டிகைப் புத்தக வேலை. பெருந்தலைப்புக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கி, பத்திக்குக் கீழேயும் இடைவெளி கூட்டிப் பார்த்தேன். அவ்வளவு லட்சணமாக இருந்தது. அதை டெம்ப்ளேட்டிலேயே ஏற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ ஊரில் இல்லை, கேட்க ஆளில்லை. நம் கடை வேலைகள் இருக்கிற போல்டரைத் திறந்து, ஒவ்வொரு பைலாகத் திறப்பது, டிக் போடுவது, சேமித்து மூடுவது என்று ஒரு மூச்சில் இருபது இருபத்தைந்து பைலைச் செய்தேன். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. வாய் ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, கை தன்பாட்டில் வேலை செய்தது. அதில் ஒன்றுதான் கிரேஸ் டீச்சருடையது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாதாந்திரக் கரண்ட் கட் என்று அறிவித்திருந்தார்கள். நீ ஆறரைக்கே கடையைத் திறந்து, பைலைத் திறந்த கையோடு பிரிண்ட் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை வரிவரியாகப் பார்த்த பைலை யார் மறுபடி பார்ப்பார்கள்? தலைப்பு பெருத்து, பத்தி விலகி, ஏழெட்டுப் பக்கம் தள்ளிப்போயிருந்தது. பொருளடக்கம் மட்டும் நாம் சொல்லாமல் மாறாது என்பதால் பழைய எண்களோடு அப்படியே நின்றது. பைண்டிங் அண்ணாச்சி காலிகோ அட்டை போட்டுப் பொன்னெழுத்தும் பதித்துக் கொடுத்துவிட்டார். டீச்சர் புதன்கிழமை பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் முதல் பிரதியைப் பிரித்து, நான்காம் இயல் எந்தப் பக்கம் என்று பொருளடக்கத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைத் திருப்பினால் அங்கே மூன்றாம் இயலின் நடுப்பகுதி இருந்திருக்கிறது. வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை காலை டீச்சர் அந்த ஐந்து புத்தகத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து நம் மேசைமேல் வைத்தார்கள். சத்தம் போடவில்லை. "ஏழு வருசம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார்கள். அப்போது கடையில் டீச்சர், டீ குடிக்க வந்த பைண்டிங் அண்ணாச்சி, ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு காலேஜ் பெண்கள், டிபன் கேரியரோடு வந்த அப்பா என்று ஐந்து பேர். நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "ஒன்ன நம்பி ஒரு வேலயக் குடுக்க முடியுமால? பொறுப்புன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினேன். நீ வெலவெலத்துப் போய், "வெள்ளிக்கிழம சரியா இருந்துச்சும்மா. நான் பாத்தேன்" என்றாய். "அப்போ பேய் வந்து மாத்திச்சோ?" என்று கேட்டேன். அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சிதான், "விடுங்கக்கா, பிள்ள சரி பண்ணிருவான், நான் மத்தியானமே கட்டித் தாரேன்" என்று எழுந்து போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சனிக்கிழமை செய்தது நினைவில் இல்லை. நீதான் கவனக்குறைவு என்று முழுசாக நம்பித்தான் கத்தினேன்.

நீ உட்கார்ந்து, மெயிலில் அனுப்பிய வெள்ளிக்கிழமைப் பிரதியில் இருந்து ஸ்டைல்களை எடுத்துப் போட்டு, பொருளடக்கத்தையும் புதுப்பித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனாய். நீ போன பிறகு, ஒரு வசனத்தை எடுக்கலாம் என்று போன வருஷ அசனப் புத்தகத்தைத் திறந்தேன். அது புதுத் தலைப்போடு பெருத்து நின்றது. உடனே அதை மூடினேன். டீச்சர் பைலைத் திறந்தேன். நீ காலையில் சரிசெய்து சேமித்துவிட்டுப் போன பைல், என் கண் முன்னாலேயே மறுபடி மாறி நின்றது. கட்டத்தைத் திறந்து பார்த்தால் டிக் இருந்தது. நான் போட்ட டிக்.

ஜெபா, இதற்கு அடுத்து நான் செய்ததைத்தான் இத்தனை நாளாக எழுத முடியவில்லை. டிக்கை எடுத்தேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து, வெள்ளிக்கிழமைப் பிரதியில் இருந்து உன் ஸ்டைல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அந்தப் பைலுக்கு அனுப்பினேன். சேமித்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. சரிசெய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நீ பல்கலைக்கழகத்தில் இருந்து திரும்பி வந்து, பைலைத் திறந்து நெடுநேரம் பார்த்தாய். நான் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து உன் பின்னால் நின்றேன். "டிக் இல்லம்மா. மெயில்ல போனதும் சரியா இருக்கு. அப்போ திங்கக்கிழம அவசரத்துல நான்தான் என்னத்தையோ தட்டியிருக்கேன்" என்றாய். நான் டீயை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். உப்புக் கம்பெனியில் எடைமேடையில் இருந்த மனுஷன், ஒரு கிலோ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனாலும் தூக்கம் வராதவர். "ஏளா, அவன்ட்ட சொல்லிரு. பிள்ள மனசுல கெடந்து புழுங்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சொல்லலாம் என்று இருந்தேன். அன்றைக்கு நாசரேத்தில் இருந்து உன் சித்தி வந்துவிட்டாள். அடுத்த வாரம் என்றேன். அடுத்த மாதம் நீ சென்னை வேலையைச் சொன்னாய். போகிற பிள்ளையை எதற்குக் கலக்க வேண்டும் என்று ஒரு சாக்குக் கிடைத்தது. உண்மையான காரணம் அது இல்லை. டிக் விஷயத்தில் நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று என் வாயால் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் வீம்புக்கு நீ விலை கொடுத்துக்கொண்டு இருக்கிறாய் என்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியவும் இல்லை. உனக்கு அது எப்போதோ மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று கடையைப் பூட்டிவிட்டு சாத்தான்குளம் பஸ் ஏறினேன். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் "உள்ள வாங்கக்கா" என்றார்கள். காப்பி கொடுத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "அன்னைக்கு வெள்ளிக்கிழம தம்பியும் என்கூட பஸ்ல வந்தான். ஞாபகம் இருக்கா? அஞ்சு புஸ்தகத்தையும் மடியில வச்சுக்கிட்டு, பக்கத்துல ஆள் வந்து இடிச்சாகூட கைய வச்சு மறிச்சுக்கிட்டே வந்தான். வழியில என்ன சொன்னான் தெரியுமா? 'டீச்சர், எங்கம்மாவத் தப்பா நெனைக்காதீங்க. வேலையில கொற வந்தா அவங்களுக்குத் தாங்காது, அதான் கத்திட்டாங்க'ன்னு சொன்னான். அந்த ஆபீஸ்ல போயும், 'இது எங்க கடைத் தப்பு சார், டீச்சர் மேல ஒண்ணும் இல்ல'ன்னு அவனே முன்னால நின்னு சொன்னான். நான் எங்க பிள்ளைங்ககிட்ட பொறுப்பப் பத்திப் பேசுதப்பல்லாம் அவனத்தான் சொல்லுதேன்."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு டீச்சர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சேலை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். உன்னை ஊர் முன்னால் நான் கேவலப்படுத்தின மறுநாள், நீ எனக்காகப் பேசியிருக்கிறாய். நீ செய்யாத தவறை உன்னுடையது என்று நினைத்து, அதற்காக முன்னால் போய் நின்றிருக்கிறாய். நானோ செய்த தவறை மூடி வைத்துக்கொண்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் இரண்டு பேரில் பொறுப்பு யாருக்குத் தெரியும் என்று நீயே சொல். "ஒனக்குப் பொறுப்பு தெரியுமால?" என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

வருகிற வழியில் அண்ணாச்சியிடமும் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே ஒரு சம்சயம்க்கா. பய கைவேல அப்படி இருக்காது" என்றார். அந்த இரண்டு காலேஜ் பெண்கள் யாரென்று தெரியவில்லை. படிப்பு முடித்து எங்கேயோ போயிருப்பார்கள். பத்திரிகை அவர்கள் கையில் கிடைக்குமோ கிடைக்காதோ, எங்கேயாவது ஒரு வீட்டில் பழைய இதழைப் புரட்டும்போது சிரித்தவள் கண்ணில் படட்டும் என்று ஒரு நப்பாசை. அதற்கும் நீ சம்மதித்தால்தான்.

இனி வேலையைப் பற்றி. நீ அந்தப் பொறுப்பை ஏற்றால், உன்னிடம் பத்துப் பேர் பத்துப் புத்தகத்தோடு வருவார்கள். கணக்குப் புத்தகத்துக்கு ஆகிற பத்தி தமிழ்ப் புத்தகத்துக்கு ஆகாது. உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா என்று ஒருத்தி சொல்லாமல் இருக்க முடியுமா? ஸ்டைல்களுக்குப் பார்த்தவுடனே புரிகிற பெயராக வை. நான் ஒரு காலத்தில் 'புதுசு', 'புதுசு இரண்டு', 'இதுதான் புதுசு' என்று வைத்துவிட்டு நானே திண்டாடியதை நீ பார்த்திருக்கிறாய். யாராவது ஒருவர் முடித்து மூடின வேலையை அவரைக் கேட்காமல் தொடாதே. மூலத்தில் ஒன்றை மாற்றினால், மாற்றினேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிடு. ஒரு நாள் ஏதாவது தப்பாகிப்போய் ஒரு சின்னப் பையனோ பெண்ணோ உன் முன்னால் வெலவெலத்து நின்றால், கத்துவதற்கு முன்னால் 'நான் எதையாவது தொட்டேனா' என்று உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவன் மேலே இருந்தால் கீழே இருக்கிறவர்கள் பயமில்லாமல் வேலை செய்வார்கள். உன்னால் அது முடியும். மூன்று தடவை பார்க்கிற பழக்கத்தை விட வேண்டாம், அது நல்லதுதான். ஆனால் பயந்துபோய்ப் பார்க்காதே. உன் கை சுத்தமான கை. அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

நீ கேட்ட பைலை இன்றைக்கே அனுப்பியிருக்கிறேன். கடைப் பைல் எதிலும் இப்போது டிக் இல்லை, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தேன். அவர் எடைச் சீட்டுப் பார்க்கிற மாதிரி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். அதில் இருக்கிற என் பெருந்தலைப்பு உனக்குப் பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வருத்தம் வரும், அரை நாள் இருக்கும், போய்விடும்.

உனக்குக் கோபம் வரும். வராவிட்டால்தான் எனக்குக் கவலை. ஆனால் ஒன்று கேட்கிறேன், வரிசையை மட்டும் மாற்றாதே. திங்கட்கிழமை காலையில் முதலில் அவர்களிடம் போய் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல். அதற்குப் பிறகு எனக்குப் போன் போடு. இரண்டு வருஷமாக உன்னை நீயே திட்டிக்கொண்டு இருந்தாயே, அத்தனையையும் எடுத்து என்னைத் திட்டு. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். நம்ப மாட்டாய் என்று தெரியும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா